கண்ணாடித் தகடு நீதிமன்றம் ஏறிய வரலாறு

வரலாறு என்பது மன்னர் ஏறிய அரியணைகளையும் படைகள் கடந்த எல்லைகளையும் மட்டும் கூறுவதன்று. நோயுற்ற பெண்ணொருத்தி தன் நோயைப்பற்றிய உண்மையை அறிதற்கு உரிமையுடையவளா என்னும் வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதி விரல் நீளமேயுள்ள ஒரு கண்ணாடித் தகட்டைச் சுற்றி நிகழ்ந்தது. நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்க்கப்படும் அத்தகடு எவ்வாறு நீதிமன்றத்திற் சான்றுப்பொருளாயிற்று, அதனால் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் விளைந்தவை யாவை என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

கருப்பையின் கீழ்ப்பாகம் ஒடுங்கிக் கழுத்துப்போல அமைந்திருத்தலின் அது கருப்பைக் கழுத்து எனப்படும். அவ்விடத்தில் தோன்றும் புற்றுநோய் ஓரிரவில் வருவதன்று. முதலிற் சில கலங்கள் தம் இயல்பில் திரிகின்றன; அத்திரிபு பெரும்பாலும் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே புற்றுநோயாக முதிர்கின்றது. இடைப்பட்ட காலத்திற் கண்டுபிடித்தால் சிறு சிகிச்சையோடு அகற்றிவிடலாம். வலியும் இல்லை, வேறு அறிகுறியும் இல்லை என்பதே இக்காலத்தின் ஆபத்து. நோயாளி தானாக உணரமுடியாத ஒன்றைப் பிறர் கண்டு சொல்லவேண்டியிருக்கின்றது.

அவ்வாறு கண்டு சொல்லும் வழியை உலகுக்குத் தந்தவர் ஜோர்ஜ் பப்பனிக்கொலா என்னும் கிரேக்கர். 1883ஆம் ஆண்டில் இயூபியாத் தீவிற் பிறந்த அவர், அமெரிக்காவுக்குக் குடியேறி நியூயோர்க்கிற் கோர்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியிற் பணியாற்றினார். பெண்ணின் உடலிலிருந்து மெல்ல எடுத்த கலங்களைக் கண்ணாடித் தகட்டிற் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியினூடே நோக்கினாற் புற்றுநோயின் அடையாளங்கள் புலப்படும் என்று 1928ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அன்று அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தினோர் இல்லை. மகளிர் நோய் வைத்தியரான ஹேர்பேட் திறோட் என்பவருடன் சேர்ந்து 1941ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பின்னரே மருத்துவ உலகம் செவிசாய்த்தது. அவருடைய மனைவி அன்டிரோமாக்கி, கணவரின் ஆய்வுக்காகப் பல ஆண்டுகள் தம் உடலிலிருந்தே மாதிரிகளைக் கொடுத்து உதவினார் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. அவரது பெயரின் முதற்பகுதியைக் கொண்டே இன்றும் அது பப் பரிசோதனை என வழங்குகின்றது.

எளிதும் மலிவுமான இப்பரிசோதனை நோயற்றவராகத் தோன்றும் பெண்கள் அனைவர்க்கும் செய்யத்தக்கது. பிரித்தானியா 1988ஆம் ஆண்டு முதல் பெண்களை முறையாக அழைத்துப் பரிசோதிக்கும் நாடளாவிய திட்டத்தை நடத்திவருகின்றது. ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. தகட்டைப் பார்ப்பது மனிதக் கண். பல்லாயிரம் கலங்களுக்கிடையிற் பிறழ்ந்த சிலவற்றைத் தேடிப் பிடிக்கவேண்டும். அயர்லாந்துச் சுகாதாரச் சேவை பெண்களுக்கு வழங்கிய விளக்கத்தின்படி, ஆயிரம் பெண்களைப் பரிசோதித்தால் ஏறத்தாழ இருபதின்மரிடம் பிறழ்ந்த கலங்கள் இருக்கும்; அவருள் 15 பேரைப் பழைய பப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும்; ஐவரைத் தவறவிடும். எனவே, நோயில்லை என்று வந்த முடிவு பின்னர்ப் பிழையெனத் தெரிந்த அளவிலேயே எவரோ கடமை தவறினார் என்று கூறிவிட முடியாது.

நட்டஈட்டுச் சட்டத்தின் சிக்கல் இவ்விடத்திலேயே தொடங்குகின்றது. வழக்காளி மூன்றை நிறுவவேண்டும். தனக்குக் கவனத்தோடு பணிசெய்யும் கடமை எதிராளிக்கு இருந்தது என்பது ஒன்று. அக்கடமை தவறப்பட்டது என்பது இரண்டாவது. அத்தவற்றினாலேயே தனக்குக் கேடு விளைந்தது என்பது மூன்றாவது. முதலாவதை நிறுவுதல் எளிது. மற்றிரண்டும் அரியவை. ஒரு பெண்ணுக்குப் புற்றுநோய் வந்துவிட்டது என்று தெரிந்தபின் அவளது பழைய தகட்டை எடுத்துப் பார்ப்பவரின் கண், அதில் இருக்கும் சிறு மாசினையும் கூர்ந்து தேடும். ஆனால் அன்று அத்தகட்டைப் பார்த்தவர், அது நூற்றுக்கணக்கான தகடுகளுள் ஒன்றென்று கருதியே பார்த்தார். முடிவு தெரிந்த பின்னர் வரும் அறிவைக் கொண்டு முன்னர்ச் செய்த செயலை அளத்தல் நீதியாகாது என்று எதிராளிகள் வாதாடுவர். அவ்வாதத்தில் நியாயமும் உண்டு.

இங்கிலாந்து நீதிமன்றங்களில் 1957ஆம் ஆண்டு முதல் வைத்தியர்களுக்குரிய அளவுகோல் ஒன்று வழங்கிவந்தது. பொறுப்புள்ள வைத்தியர் குழுவினர் சரியென ஏற்கும் முறையில் ஒருவர் நடந்திருப்பின், வேறு வைத்தியர்கள் மாறாகக் கருதினாலும், அவர் கவனயீனமாக நடந்தாரென்று சொல்ல முடியாது என்பதே அது. போலம் என்பவர் தொடுத்த வழக்கிற் பிறந்தமையால் அது அவர் பெயராலேயே வழங்கியது. இவ்வளவுகோலின் முன்னால் நோயாளியின் பக்கம் வலுவிழந்து நின்ற வழக்குகள் பல.

1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள கென்ற் கோட்டத்தில், கன்ரபரி நகர வைத்தியசாலை ஒன்றில், பப் பரிசோதனைத் தகடுகள் பல ஆண்டுகளாகச் சரிவரப் பார்க்கப்படவில்லை என்பது வெளியாயிற்று. தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் மீண்டும் ஆராயப்பட்டன. எட்டுப் பெண்கள் உயிரிழந்தனர் என்றும், முப்பதின்மர் கருப்பையை இழக்க நேர்ந்தது என்றும் அக்காலத்தில் அறிவிக்கப்பட்டது. அவ்வாறு பாதிக்கப்பட்ட பெண்களுள் மூவர் வழக்குத் தொடுத்தனர். 1989 முதல் 1992 வரை எடுக்கப்பட்ட அவர்களது தகடுகள் குற்றமற்றவை என அறிவிக்கப்பட்டிருந்தன. பின்னர் மூவருக்கும் புற்றுநோய் கண்டது.

அவ்வழக்கை விசாரித்த நீதிபதி வினாவை மூன்றாகப் பிரித்துக்கொண்டார். தகட்டில் உண்மையில் இருந்தது யாது? அக்காலத்துத் தேர்ச்சியுள்ள பரிசோதகர் ஒருவர் அதனைக் காணாது விடுதல் இயலுமா? கண்டிருந்தால், குற்றமற்றது என எழுதுதல் தகுமா? முதல் வினா நிபுணர்களின் கருத்தைச் சார்ந்ததன்று. நீதிமன்றம் சான்றுகளை எடைபோட்டுத் தீர்மானிக்கவேண்டிய உண்மை அது. மற்றிரண்டுக்கும் விடை, பரிசோதகர்கள் தாமே ஏற்றுக்கொண்டிருந்த விதியிலிருந்து கிடைத்தது. முழு உறுதி இருந்தாலன்றித் தகட்டைக் குற்றமற்றது எனக் கூறலாகாது, ஐயம் எழுந்தால் மேலதிகாரிக்கு அனுப்புதல் வேண்டும் என்பதே அவ்விதி. மூன்று பெண்களும் வென்றனர். 1999ஆம் ஆண்டு நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. முழு உறுதி என்னும் அச்சொற்றொடர் அன்று முதல் இத்துறை வழக்குகளின் அச்சாணியாயிற்று. இருபது ஆண்டுகளின் பின்னர் அது ஐரிஷ் கடலைக் கடந்து டப்ளின் நீதிமன்றத்தை அடைந்தது.

அயர்லாந்தில் நாடளாவிய பரிசோதனைத் திட்டம் 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்கிற்று. இருபத்தைந்து வயது முதல் அறுபது வயது வரையுள்ள பெண்களுக்கு அது இலவசமாக வழங்கப்பட்டது. மாதிரிகள் உள்ளூரில் எடுக்கப்பட்டன. ஆயினும் பெருந்தொகையான தகடுகள் ஒப்பந்த அடிப்படையில் அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கு அனுப்பப்பட்டன. நாட்டின் ஆய்வுகூடங்களில் வேலை தேங்கிக் கிடந்தமையே அதற்குக் காட்டப்பட்ட காரணம். அம்முடிவை அன்றே எதிர்த்த வைத்தியர்களும் இருந்தனர். இது பிறிதொரு நாட்டின் முறைக்கேற்பப் பயின்றவர் கையிற் செல்கின்றது, ஏதேனும் பிழை நேரின் அதனைத் தேடித் திருத்துதல் எளிதாகாது என்பது அவர்கள் கொண்ட அச்சம்.

2011ஆம் ஆண்டு மே மாதத்தில் விக்கி பீலன் என்னும் பெண் தம் மாதிரியைக் கொடுத்தார். கில்கென்னிக் கோட்டத்திற் பிறந்து, லிமெரிக் நகருக்கருகே வாழ்ந்த அவர் இரு பிள்ளைகளின் தாய். அத்தகடு ரெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரிலிருந்த ஆய்வுகூடம் ஒன்றிற் பார்க்கப்பட்டுக் குற்றமற்றது என அறிவிக்கப்பட்டது. மூன்றாண்டுகள் கழிந்து, 2014ஆம் ஆண்டு யூலையில், அவருக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. கதிர் சிகிச்சையும் இரசாயன மருந்துச் சிகிச்சையும் பெற்றார். அதே ஆண்டில் பரிசோதனைத் திட்டத்தினர், புற்றுநோய் கண்ட பெண்களின் பழைய தகடுகளை மீளாய்வு செய்யும் வழக்கப்படி, அவரது தகட்டையும் மீண்டும் பார்த்தனர். 2011இற் கொடுத்த முடிவு பிழை என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்த செய்தி உரியவரைச் சேரவில்லை. மீளாய்வின் முடிவு சிகிச்சையளித்த வைத்தியருக்கு அறிவிக்கப்பட்டதே 2016ஆம் ஆண்டில்தான். அதனை நோயாளிக்கு யார் சொல்வது என்பதில் திட்டத்தினருக்கும் வைத்தியர்களுக்குமிடையே கடிதங்கள் சென்று வந்தன. விக்கி பீலனுக்கு அது தெரியவந்தது 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில். தம் உடலைப் பற்றிய ஓர் உண்மையை மூன்றாண்டுகளாகப் பிறர் அறிந்திருக்கத் தாம் மட்டும் அறியாதிருந்தார். அவ்வாண்டின் இறுதியில் நோய் திரும்பியது. வாழ்வதற்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களே உண்டு என 2018ஆம் ஆண்டு சனவரியில் வைத்தியர்கள் கூறினர்.

அவர் வழக்குத் தொடுத்தார். 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் திகதி வழக்குச் சமரசமாக முடிந்தது. அமெரிக்க ஆய்வுகூடம், தன்பாற் குற்றமுண்டு என ஒப்புக்கொள்ளாமலே, 25 இலட்சம் யூரோ வழங்க இணங்கிற்று. இத்தகைய சமரசங்களில் வழக்கமாக ஒரு நிபந்தனை இடம்பெறும். பணத்தைப் பெற்றுக்கொண்டவர் அதுபற்றி வெளியிற் பேசலாகாது என்பதே அது. பணம் கொடுப்பவர்க்கு அது காப்பு. நோயுற்றவர்க்கோ பெரும்பாலும் வேறு வழியில்லை. சில மாதங்களே உயிர்வாழ்வார் எனக் கூறப்பட்ட ஒருவர், தம் சிகிச்சைக்கும் பிள்ளைகளின் வாழ்வுக்கும் பணம் வேண்டி நின்ற வேளையில், அந்நிபந்தனைக்கு உடன்பட மறுத்தார். லிஃபி ஆற்றங்கரையிலுள்ள நீதிமன்றக் கட்டடத்தின் வாயிலில் நின்று, நடந்ததனைத்தையும் செய்தியாளர்களுக்கு எடுத்துரைத்தார்.

அவர் அன்று மௌனத்துக்கு உடன்பட்டிருந்தால், அயர்லாந்து மக்கள் மேலும் எத்தனை ஆண்டுகள் ஒன்றும் அறியாதிருந்திருப்பரோ! தாம் மட்டும் இவ்வாறு நடத்தப்பட்டவர் அல்லர் என்பதை வழக்கின்போது கிடைத்த ஆவணங்களிலிருந்து அவர் உணர்ந்திருந்தார். சில நாட்களில் முழுக் கணக்கும் வெளிவந்தது. மீளாய்விற் பழைய முடிவு மாறுபட்ட பெண்கள் முதலில் 209 பேர் என அறிவிக்கப்பட்டது; பின்னர் அத்தொகை 221 ஆயிற்று. முதற் கணக்கிலுள்ள 209 பேருள் 162 பேருக்கு எதுவுமே சொல்லப்பட்டிருக்கவில்லை. சிலர் அதனை அறியாமலே இறந்துவிட்டனர். நோயாளி இறந்திருப்பின், முடிவை அவரது வைத்தியப் பதிவேட்டிற் குறித்துவைத்தாற் போதும் என வைத்தியர்களுக்குச் சென்ற சுற்றறிக்கை கூறியதும் தெரியவந்தது. சட்ட ஆலோசனை கிடைக்கும்வரை கடிதங்களை நிறுத்திவைக்குமாறு 2016ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்து உட்குறிப்பு ஒன்று பணித்தமையும், செய்தித்தாள்களில் வரக்கூடிய தலைப்புக்களை எண்ணி அது அஞ்சியமையும் பாராளுமன்றக் குழுவின் முன் வெளியாயின.

பிழை நேர்ந்ததைவிட அதனை மறைத்ததே மக்களைக் கொதிக்கச் செய்தது. கெரிக் கோட்டத்தில் வாழ்ந்த எம்மா விக் வஹூனா என்னும் ஐந்து பிள்ளைகளின் தாய், தம் நோய் இனித் தீராது என்பதனை 2018ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் திகதி காலை வானொலியிற் கூறியபோது, கேட்டவர் நெஞ்சம் உருகிற்று. அன்று மாலையே சுகாதாரச் சேவையின் தலைமைப் பணிப்பாளர் பதவி விலகினார். பரிசோதனைத் திட்டத்தின் வைத்தியத் தலைவர் அதற்கு முன்னரே விலகியிருந்தார். எம்மா தொடுத்த வழக்கு யூன் இறுதியில் 75 இலட்சம் யூரோவுக்குச் சமரசமாயிற்று. ஆய்வுகூடம் இரு தகடுகளைத் தவறாகப் பார்த்ததை ஒப்புக்கொண்டது. சுகாதாரச் சேவை உண்மையை அறிவிக்கத் தவறியதை ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது 37.

அரசாங்கம் நியமித்த வைத்தியக் கலாநிதி கேபிரியல் ஸ்கலி, 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் தம் அறிக்கையை வெளியிட்டார். தனி ஒருவர் தவறன்று, அமைப்பு முழுவதுமே தவறியது என்பது அவர் கண்ட முடிவு. ஐம்பது பரிந்துரைகளை அவர் முன்வைத்தார். மறுவருடம் அவர் வெளியிட்ட துணையறிக்கை, தகடுகள் பார்க்கப்பட்ட ஆய்வுகூடங்கள் மொத்தம் பதினாறு என்றும், அவற்றுட் பல பரிசோதனைத் திட்டத்தை நடத்தியோரும் அறியாதவை என்றும் காட்டிற்று. இதற்கிடையில் பிரித்தானிய மகளிர் நோய் வைத்தியர்களின் கல்லூரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தகடுகளைத் தனியாக ஆராய்ந்து, அவருள் 159 பேர் விடயத்தில் நோயைத் தடுக்கவோ முன்னரே கண்டுபிடிக்கவோ இருந்த வாய்ப்புத் தவறிற்று என 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் அறிவித்தது.

சட்ட வரலாற்றில் முதலிடம் பெறுவது ரூத் மொறிசியின் வழக்கே. லிமெரிக்கைச் சேர்ந்த அவரது 2009ஆம் ஆண்டுத் தகட்டை ஒரு நிறுவனமும் 2012ஆம் ஆண்டுத் தகட்டை இன்னொரு நிறுவனமும் பார்த்துக் குற்றமற்றவை என்றன. 2014இற் புற்றுநோய் கண்டது. பெண்கள் நீதிமன்றத்தில் நின்று அல்லற்பட வேண்டியதில்லை என்று பிரதமர் லியோ வரட்கர் 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் உறுதி கூறியிருந்தார். ஆயினும் ரூத் மொறிசியின் வழக்கு மேல் நீதிமன்றத்தில் 37 நாட்கள் நடந்தது. நோயின் வேதனையோடு அவர் சாட்சிக் கூண்டேறினார். நிபுணர்கள் அத்தகடுகளைப் பற்றி நாட்கணக்கில் வாதிட்டனர்.

2019ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் திகதி நீதிபதி கெவின் குறொஸ் தீர்ப்பளித்தார். கன்ரபரி வழக்கின் மூன்று வினாக்களையும் முழு உறுதி என்னும் விதியையும் அவர் எடுத்தாண்டார். ஏறத்தாழ 21 இலட்சம் யூரோ நட்டஈடு வழங்கப்பட்டது. அத்தொகை இழந்த சம்பாத்தியம், சிகிச்சைச் செலவு, பட்ட வேதனை, குறுகிய ஆயுள் என்பவற்றைக் கருதிக் கணிக்கப்பட்டது. உண்மையை அறிவிக்கத் தவறியமைக்கு நீதிமன்றம் விதித்த தொகையோ 10,000 யூரோ மட்டுமே.

இவ்விரு தொகைகளையும் ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். தகடு தவறாகப் பார்க்கப்பட்டதனால் உடலுக்கு நேர்ந்த கேட்டைச் சட்டம் அளக்கவல்லது. மறைத்ததனால் மனத்துக்கு நேர்ந்த கேட்டை அளக்க அதனிடம் உரிய கோல் இல்லை. செய்தியை மறைத்தமையால் நோய் முற்றிற்று என நிறுவ முடியாதவிடத்து, அதற்கு நட்டஈடு பெயரளவிலேயே அமையும். குடும்பத்தவர் ஒருவரை இழந்தோருக்கும் இதே நிலைதான். அயர்லாந்துச் சட்டத்தின்படி, ஓர் உயிரிழப்பால் வரும் மனத்துயருக்காக உறவினர் அனைவருக்கும் சேர்த்து வழங்கத்தக்க தொகை 2014ஆம் ஆண்டில் 35,000 யூரோவாக வரையறுக்கப்பட்டது. பெண்களோ, தமக்கு ஏன் சொல்லப்படவில்லை என்பதனையே மீண்டும் மீண்டும் கேட்டனர். அவ்வினாவுக்கு விடைகூறும் இடமாக நட்டஈட்டு நீதிமன்றம் அமைந்திருக்கவில்லை.

குறொஸ் தீர்ப்பு வெளியானதும் வைத்தியர் சமூகத்திற் கலக்கம் எழுந்தது. எந்தப் பரிசோதனையிலும் முழு உறுதி இயலாது, இவ்வளவுகோல் நிலைத்தாற் பரிசோதகர் ஒருவரும் தகட்டைத் தொட அஞ்சுவர், திட்டமே குலைந்துவிடும் என்றனர். அவ்வச்சத்தை வீண் என ஒதுக்கிவிடலாகாது. 2018இல் ஏற்பட்ட பீதியைத் தணிக்கும்பொருட்டு அரசாங்கம் இலவசமாக மீள்பரிசோதனை வழங்க முன்வந்தபோது, ஏறத்தாழ 80,000 தகடுகள் தேங்கி, முடிவுக்காகப் பெண்கள் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. நம்பிக்கை குலைந்தால் அதனாலும் உயிர்கள் ஆபத்துக்குள்ளாகும்.

இந்த ஐயத்தை 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19ஆம் திகதி அயர்லாந்து உயர் நீதிமன்றம் தெளிவாக்கிற்று. முழு உறுதி என்பது நீதிமன்றம் புதிதாகச் சுமத்திய சட்டமன்று. பரிசோதகர்கள் தம் தொழிலுக்கென ஏற்றுக்கொண்ட விதியே அது. சட்டம் கேட்பது தேர்ச்சியுள்ள சாதாரண பரிசோதகர் ஒருவரின் கவனத்தையே என்று அது விளக்கிற்று. அத்துடன் மற்றொன்றையும் நிலைநாட்டிற்று. தகடுகளை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தமையால் சுகாதாரச் சேவையின் பொறுப்பு நீங்கிவிடாது. அழைத்தது அரசாங்கத்தின் சேவை. அதனை நம்பியே பெண்கள் வந்தனர். வேலையை யார் செய்தாலும் பொறுப்பு அழைத்தவருடையது. கடல் கடந்து ஒப்பந்தம் எழுதிக் கடமையைக் கைமாற்றுதல் இயலாது என்ற இக்கோட்பாடு, பொதுச் சேவைகளைத் தனியாரிடம் ஒப்படைக்கும் எந்நாட்டுக்கும் பொருந்துவதாகும். அத்தீர்ப்பு வந்து நான்கு மாதங்களில், யூலை 19ஆம் திகதி, ரூத் மொறிசி தம் 39ஆவது வயதிற் காலமானார்.

நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த முயற்சிகளும் இருந்தன. 2019ஆம் ஆண்டு மார்ச்சில், உண்மை மறைக்கப்பட்ட பெண்களுக்கும் இறந்தோர் குடும்பங்களுக்கும் தலைக்கு 20,000 யூரோ கருணைத் தொகையாக வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி பிரதமர் வரட்கர் பாராளுமன்றத்தில் எழுந்து அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இறந்தோரின் உறவினர் பார்வையாளர் மேடையில் அமர்ந்திருந்தனர். நட்டஈட்டுக் கோரிக்கைகளைப் பகிரங்கப் போராட்டமின்றித் தீர்ப்பதற்கெனச் சட்டம் இயற்றப்பட்டு, 2020ஆம் ஆண்டின் இறுதியில் நீதிபதி ஆன் பவர் தலைமையில் ஒரு நியாயசபை அமைக்கப்பட்டது.

நல்ல நோக்கத்தோடு அமைந்த அச்சபையை நாடியோர் மிகச் சிலரே. காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. ஆய்வுகூடங்களின் சம்மதமின்றி அதன்முன் வழக்குச் செல்லமுடியாது. வாதி, பிரதிவாதி என்னும் எதிரெதிர் நிலை அங்கும் நீங்கவில்லை. ஒருமுறை நட்டஈடு பெற்ற பெண்ணுக்கு நோய் திரும்பி வந்தால் மறுபடி கேட்க வழியுண்டா என்னும் அச்சத்துக்கும் திருப்தியான விடை கிடைக்கவில்லை. தனிநபர் காயத்துக்கான கோரிக்கையை, அதுபற்றி அறிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் எழுப்பவேண்டும் என்ற காலவரையறையும் பலரைத் தடுத்தது. விக்கி பீலன் வேறிருவருடன் சேர்ந்து தொடங்கிய, பாதிக்கப்பட்டோரின் தொகையையே பெயராகக் கொண்ட சங்கம், அச்சபையை ஏற்க மறுத்தது. கோரிக்கைகளை ஏற்கும் காலம் 2022ஆம் ஆண்டு யூலை 26ஆம் திகதியோடு முடிவடைந்தது.

அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதி விக்கி பீலன் லிமெரிக்கிற் காலமானார். சில மாதங்களே வாழ்வார் எனக் கூறப்பட்டவர், புதிய மருந்தொன்றின் துணையோடு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் வாழ்ந்து, தம்மைப்போன்ற பெண்களுக்காக வாதாடினார். அப்போது அவருக்கு வயது 48.

அவர் கேட்டவற்றுள் முதன்மையானது பின்னர் நிறைவேறிற்று. பாரதூரமான பிழை நேர்ந்தால் அதனை நோயாளிக்கு அல்லது அவர் குடும்பத்துக்குக் கட்டாயமாக அறிவிக்கவேண்டும் என்னும் சட்டம் 2023ஆம் ஆண்டில் நிறைவேறி, 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 26ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. புற்றுநோய் கண்ட பெண் தன் பழைய பரிசோதனைகளை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையும் அதில் அடங்கும். அதற்கு முன்னர், சொல்லலாம் என்ற கொள்கை இருந்தது. சொல்லியே ஆகவேண்டும் என்ற கடமை இருக்கவில்லை. பரிசோதனை முறையும் மாறிற்று. இந்நோய்க்கு மனிதப் பப்பிலோமா வைரசே காரணம் என்பதை ஜேர்மனிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் நிறுவி, 2008ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அவ்வைரசு இருக்கின்றதா என முதலிற் பார்க்கும் முறையை அயர்லாந்து 2020ஆம் ஆண்டு மார்ச்சிற் கைக்கொண்டது. ஆயிரம் பேருள் நோய்ப்பிறழ்வுள்ள இருபதின்மரில் இது 18 பேரைக் காட்டும் என்பது கணக்கு. 2022ஆம் ஆண்டு டிசெம்பரில், டப்ளின் கூம் வைத்தியசாலையில் தேசிய ஆய்வுகூடமும் திறக்கப்பட்டது.

அந்த இருபதின்மரில் இருவரை இன்னும் தவறவிடும் என்பதும் அக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. மனிதர் செய்யும் பரிசோதனையிற் பிழை முற்றாக ஒழியப்போவதில்லை. அதனை அப்பெண்களும் உணர்ந்திருந்தனர். பிழையே நேராத வைத்தியத்தை அவர்கள் கேட்கவில்லை. நேர்ந்த பிழையை மறைக்காத வைத்தியத்தையே கேட்டனர். கன்ரபரிப் பெண்களின் வழக்கு, எத்தகைய பிழைக்குப் பணங் கொடுக்கவேண்டும் என்பதை வரையறுத்தது. ரூத் மொறிசியின் வழக்கு, அப்பணத்துக்குப் பொறுப்பாளி யார் என்பதை வரையறுத்தது. பணத்தைப் பெற்றுக்கொண்டு வாய்மூடியிருக்க மறுத்த ஒரு பெண்ணின் செயலோ, பிழை நேர்ந்தால் அதனை உரியவருக்குச் சொல்லுதல் கடமை என்பதை ஒரு நாட்டின் சட்டத்தில் எழுதுவித்தது. அச்சட்டத்தாற் பயன்பெறப்போகும் பெண்களுட் பலர், அவர் பெயரைக் கேள்வியுறாதவராகவும் இருக்கலாம். தம் பதிவேட்டில் எழுதியிருப்பது யாது எனக் கேட்பதற்கு அவர்கள் இனி நீதிமன்றப் படியேற வேண்டியதில்லை.